தெற்கே

"வடக்கே கந்தப்போடி பேரிலுள்ள காணி,
கிழக்கே கடற்கரை வீதி,
தெற்கே"
அவ்வளவுதான்.
அதற்குப் பிறகு கர்சர் துடிக்கவில்லை.
மவுஸை மேசை முழுக்க இழுத்தும் அம்பு அசையவில்லை.
திரையின் மூலையில் மணி 10:42.
சுவரில் பதினொன்று ஐந்து.
களுவாஞ்சிகுடியில் முப்பது பேர்ச்சஸ் நிலம்
தெற்குப் பக்கம் திறந்தபடி கிடந்தது.

"பட்டனை அமத்தி நிப்பாட்டட்டா கா?"
தவலோஜினியின் விரல் ஏற்கனவே பட்டனில்.
பொறுங்க, நின்ற நேரத்தை முதல் எழுதுவம் என்றேன்.
நொத்தாரிசின் பழைய கொப்பியின் பின்பக்கத்தில்
ஒன்பது நாள் எழுதினா.
செவ்வாய் 9:15, சும்மா இருக்கையில்.
வியாழன் 2:50, பிரிண்ட் கொடுக்கையில்.
வெள்ளி ஒன்றுமில்லை.
சனி, ஆளில்லாத நேரம்,
வோல்பேப்பர் முருகன் சிரித்தபடி இறுகிவிட்டார்.

எனக்குப் பக்கத்து ஐஸ்கிறீம் கடையில் சந்தேகம்.
பிரீசர் உறுமித் தொடங்கும்போது
இந்தப் பக்கம் பல்ப் ஒருக்காச் சிமிட்டும்.
உறைய வைக்கிறதுதானே அதன் தொழில்.
இரண்டு நாள் பெருமையாய்த் திரிந்தேன்.
பூரணைக்கு அவர்கள் கரண்டையும் நிற்பாட்டி
கடையைப் பூட்டிப் போனார்கள்.
காலை 10:20, மறுபடியும் ஸ்டக்.

மூடியைக் கழற்றினேன்.
காற்றாடியில் கம்பளி போலத் தூசி,
அதன் அடியில் பல்லி முட்டை இரண்டு.
சூடு நாற்பத்தெட்டு, அது குற்றமில்லை.
டிஸ்க் சுகம் என்றது டிஸ்க்.
விண்டோஸின் குறிப்பேட்டில் ஒரே வரி:
ஒழுங்காக நிறுத்தாமல் நிறுத்தப்பட்டது.
அது எங்கள் விரல். எங்களுக்கே தெரியும்.
அதற்கு முந்திய நிமிடத்தைப் பற்றி
ஒரு சொல் இல்லை.
ராமை இராமுழுக்கச் சோதித்தேன்.
ஏழு மணித்தியாலம், பிழை பூச்சியம்.

ஞாயிறு பின்னேரம் நொத்தாரிசு வந்து நின்றார்.
காணி வாங்கும் மனிசிக்குத் திங்கள் இரவு பிளைட்,
சுவிசுக்கு.
ஒன்றை மாற்று, பார், பிறகு அடுத்ததை மாற்று:
இந்தத் தொழிலில் எனக்கிருக்கும் ஒரே விதி அதுதான்.
அதை மீறினேன்.

ராமைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.
பொன் பற்களில் மங்கலாய் ஒரு படை.
வாவிக்கும் கடலுக்கும் நடுவில்
கிடைத்த இடத்தில் நீட்டி நிமிர்ந்த ஊர்,
உப்பு எந்தக் கதவாலும் வரும்.
தவலோஜினி அழிறப்பரை நீட்டினா,
எல்லை வரைபடத்தில் பென்சில் கோடு அழிக்கிற அதே றப்பர்.
தேய்த்தேன். கறுப்பாய் உதிர்ந்தது.
அந்தக் கையோடு பிளக்கை வேறு சுவருக்கு மாற்றினேன்,
டிஸ்க் வயரையும் புதிதாய்ப் போட்டேன்.

தெற்கே, சின்னத்தம்பி மகள் மாசிலாமணியின் வளவு.
மேற்கே, ஒழுங்கை.
உறுதி முடிந்தது. மனிசி பறந்தா.

இன்றைக்குப் பத்தொன்பது நாள், ஒருமுறையும் இறுகவில்லை.
எது செய்தது? உப்பா, சுவரா, வயரா?
இறுகினால் பிழை இருக்கு என்று சொல்லலாம்.
இறுகாமல் இருந்தால்
எத்தனை நாளில் இல்லையென்று சொல்லுவது?
காசு தர வந்தவவிடம்
இன்னும் ஒரு கிழமை பாப்பம் என்றேன்.
ஒரு கிழமையும் போய்விட்டது. திரும்பவும் அதையே சொன்னேன்.

நேற்று பிரிண்டர் மை ஊற்றப் போனேன்.
வேறொரு காணி தட்டிக்கொண்டிருந்தா.
வடக்கே, கொன்ட்ரோல் எஸ்.
கிழக்கே, கொன்ட்ரோல் எஸ்.
என்னோடு கதைத்துக்கொண்டே
ஒரு காற்புள்ளி. கொன்ட்ரோல் எஸ்.
பார்க்காமல் போகிறது இடது சுண்டுவிரல்.
அதற்கு என்னிடம் றப்பர் இல்லை.